கதவைத் தட்டுமுன் ஒரு பக்கம் எழுதுங்கள்

திருநெல்வேலி, தென்காசி மாவட்டக் காவல் நிலையங்களின் பொறுப்பு அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

நான் ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. தாமிரபரணிக் கரையோரக் கிராமங்களில் முப்பத்து நான்கு ஆண்டுகள் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தேன். அவர்களில் சிலர் இன்று காக்கி உடுத்தியிருக்கிறார்கள். கல்யாண வீட்டிலோ பஸ்ஸிலோ என்னைப் பார்த்தால் எழுந்து இடம் கொடுக்கிறார்கள். அந்த அன்பு தந்த உரிமையில்தான் இந்த மடலை எழுதுகிறேன். உங்களை எதிரிகளாக நினைத்திருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

சென்ற மாசி மாதம் ஓர் இரவு, ஒன்றரை மணி இருக்கும். அடுத்த வீட்டுத் தகரக் கதவை லத்தியால் தட்டும் சத்தம் கேட்டு விழித்தேன். அந்த வீட்டில் ஆண்கள் யாரும் இல்லை. பீடி சுற்றிப் பிழைக்கும் ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத் தேர்வு எழுதவிருந்த அவளுடைய மகள், படுக்கையோடு கிடக்கும் மாமியார் ஆகிய மூவர்தான். கணவன் பனையேறி. நான்கு வருடத்துக்கு முன்பு இறந்துவிட்டான். மூத்த மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறான். பக்கத்து ஊரில் இரண்டு நாளுக்கு முன்பு நடந்த அடிதடியில் அவனுடைய கூட்டாளி ஒருவன் சம்பந்தப்பட்டிருப்பதாகப் பேச்சு. வந்தவர்கள் ஆறு பேர். இருவர் சீருடையில் இருந்தார்கள், நால்வர் சாதாரண உடையில். பெண் காவலர் ஒருவரும் இல்லை.

கதவு திறந்ததும் உள்ளே போய்விட்டார்கள். இரும்புப் பெட்டியைக் கவிழ்த்தார்கள். அரிசி டிரம்முக்குள் கையை விட்டார்கள். கிழவியைக் கட்டிலோடு நகர்த்தி அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். மறுநாள் வெட்டுவதற்காக நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்திருந்த பீடி இலைமீது பூட்ஸ் கால்கள் ஏறி இறங்கின. பாதி மடித்த பீடிகளோடு இருந்த சுளகு தலைகீழாகக் கிடந்தது. அந்த இலையும் தூளும் அவளுடையவை அல்ல. கடையில் எடைபோட்டு வாங்கியவை. குறைந்தால் அவள் கணக்கில்தான் ஏறும். எட்டு மணிக்கு மேல் சிம்னி வெளிச்சத்திலும் சுற்றிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவளுக்கு அது எத்தனை நாள் கூலி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்களில் பலருடைய அம்மாமார் இதே சுளகை மடியில் வைத்துத்தான் உங்களைப் படிக்க வைத்தார்கள்.

நான் வாசலுக்குப் போய், “என்ன தேடுகிறீர்கள் தம்பி?” என்று கேட்டேன். பதில் இல்லை. “நீங்கள் உள்ளே போங்கள், டீச்சர்” என்று இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். அவன் யாரென்று இங்கே எழுதப்போவதில்லை. அவன் தலையைக் குனிந்துகொண்டான் என்பதை மட்டும் எழுதுகிறேன்.

பரணிலிருந்து இறந்துபோன கணவனின் பாளை அரிவாளை எடுத்தார்கள். மகளின் கைப்பேசியை எடுத்தார்கள். எதிர்வீட்டுப் பையன் தன் கைப்பேசியில் படம் பிடிக்கப் போனான். அவனை அதட்டி நிறுத்தினார்கள். கிளம்பும்போது ஒரு வெள்ளைத் தாளின் அடியில் அந்தப் பெண்ணிடம் கையெழுத்து வாங்கினார்கள். மேலே ஒரு வரியும் இல்லை. வெற்றுத்தாள். ஒன்பதாம் நாள் ஒரு காவலர் வந்து, செய்தித்தாளில் சுற்றிய அரிவாளையும் கைப்பேசியையும் திண்ணையில் வைத்துவிட்டுப் போனார். எடுத்தபோதும் ரசீது இல்லை, கொடுத்தபோதும் இல்லை. அரசாங்கத்தின் எந்த ஏட்டிலும் அந்த இரவு நடக்கவே இல்லை. எனக்கு உறக்கம் போனது அதனால்தான்.

நான் வழக்கறிஞர் இல்லை. பாளையங்கோட்டையில் தொழில் செய்யும் ஒருவரிடம் சட்டப் புத்தகத்தை வாங்கி, தெரியாத இடத்தை அவரிடமே கேட்டுக் கேட்டு வரி வரியாகப் படித்தேன். வாரண்ட் இல்லாமல் போலீஸ் வீட்டுக்குள் வரவே கூடாது என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஊரில் பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள். அது தவறு. வரலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 185ஆம் பிரிவு அதற்கு வழிவிடுகிறது. முந்தைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 165ஆம் பிரிவாக இருந்தது இதுதான். 1898ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் சட்டத்திலும் அதே 165.

ஆனால் அந்தப் பிரிவு திறந்துவிடும் கதவு மிகவும் குறுகியது. ஒரு குற்றத்தைப் புலன்விசாரணை செய்துகொண்டிருக்கும் அதிகாரியாக இருக்க வேண்டும். அந்த விசாரணைக்குத் தேவையான ஒரு பொருள் அந்த இடத்தில் இருப்பதாக நம்ப நியாயமான காரணம் வேண்டும். சந்தேகம் வேறு, நம்ப நியாயமான காரணம் வேறு. வாரண்ட் வாங்கிவரக் காத்திருந்தால் தகாத தாமதம் ஆகும் என்ற நிலை வேண்டும். இவை எல்லாம் இருந்தாலும் உள்ளே போகுமுன் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஏன் அப்படி நம்புகிறேன், எந்தப் பொருளைத் தேடுகிறேன் என்பதை வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். அதிகாரி தானே நேரில் போக வேண்டும். முடியாவிட்டால் ஏன் முடியவில்லை என்று எழுதி, எந்த இடம், எந்தப் பொருள் என்று குறிப்பிட்டு, கீழே உள்ளவருக்கு எழுத்தில் உத்தரவு கொடுக்க வேண்டும். அந்தப் பதிவின் நகல் உடனடியாக, எப்படியும் 48 மணி நேரத்துக்குள், நீதித்துறை நடுவருக்குப் போய்ச் சேர வேண்டும். வீட்டுக்காரர் மனு கொடுத்தால் நடுவர் அவருக்கு ஒரு நகலை இலவசமாகத் தர வேண்டும்.

இத்தனை பெரிய அதிகாரத்துக்குச் சட்டம் கேட்கும் விலை ஒரு பக்கம் எழுத்து. நான் ஐந்தாம் வகுப்பில் உங்களிடம் கேட்டதும் அதுதான்.

ஏன் முன்கூட்டியே எழுதச் சொல்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். எழுதும்போது மனிதன் நிதானப்படுகிறான். “இந்த வீட்டில் இந்தப் பொருள் இருக்கிறது என்று நான் நம்பக் காரணம்...” என்று தொடங்கிவிட்டு, அடுத்த சொல் வராமல் பேனா நின்றால், அந்த வீட்டுக்குப் போகக் கூடாது என்று அவருக்கே தெரிந்துவிடும். போய்விட்டு வந்து எழுதினால் அப்படி நிற்காது. கிடைத்ததை வைத்துக் காரணத்தை அமைத்துக்கொள்ளலாம். கிடைக்காவிட்டால் எழுதாமலே விட்டுவிடலாம். 1960ஆம் ஆண்டுத் தீர்ப்புத் தொகுப்பில் ராஜஸ்தானிலிருந்து வந்த ஒரு வழக்கு இருக்கிறது. கலால் அதிகாரிகள் காரணத்தை எழுதி வைக்காமல் ஒருவர் வீட்டைச் சோதிக்கப் போனார்கள். அவர் தடுத்தார். அரசு ஊழியரைத் தடுத்தார் என்று வழக்குப் போட்டார்கள். காரணத்தைப் பதிவது கட்டாயம், பதியாத சோதனை சட்டவிரோதம் என்று சொல்லி, அவர் விடுதலையானதை உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அதற்காக என் ஊர்ப் பெண்களை உங்கள் முன்னால் கதவை மறித்து நிற்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இரவு ஒன்றரை மணிக்கு மறிப்பவருக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

நடுவர் நீதிமன்றத்தில் அந்தப் பெண்ணின் பெயரில் மனுப் போட்டோம். அப்படி ஒரு பதிவும் வந்து சேரவில்லை என்று பதில் கிடைத்தது. அந்தப் பதிலைக் கையில் வைத்துக்கொண்டு நீதிமன்ற வளாகத்து வேப்பமரத்தடியில் அவள் கேட்டாள்: “அப்படியானால் அன்று வந்தவர்கள் யார், டீச்சர்?” எனக்குப் பதில் தெரியவில்லை. உங்களுக்குத் தெரிந்தால் சொல்லுங்கள்.

ஆளைத் தேடி வந்தோம், பொருளைத் தேடி அல்ல என்று நீங்கள் சொல்லலாம். அதற்குத் தனிப் பிரிவு, 44, இருக்கிறது. கைது செய்ய வேண்டியவர் உள்ளே இருப்பதாக நம்பக் காரணம் இருந்தால், வீட்டில் இருப்பவர் வழிவிட வேண்டும். மறுத்தால் கதவை உடைக்கவும் அதிகாரம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆளைத் தேடும் அதிகாரம் ஆள் இருக்கக்கூடிய இடத்தோடு முடிந்துவிடுகிறது. அரிசி டிரம்முக்குள்ளும் மாணவியின் புத்தகப் பைக்குள்ளும் ஆள் இருக்க முடியாது. கைப்பேசிக்குள் இருக்க முடியாது. அங்கே கை போன நொடியில் அது பொருள் தேடும் சோதனையாகிவிடுகிறது. 185உம் 103உம் 105உம் வந்து நிற்கின்றன.

103ஆம் பிரிவைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். சோதனை தொடங்குமுன் அந்தப் பகுதியில் வாழும், காவல் துறையைச் சாராத, மதிப்புள்ள இரண்டு பேரையாவது சாட்சிக்கு அழைக்க வேண்டும். வீட்டுக்காரர் உடனிருந்து பார்க்கலாம். எடுத்த பொருள் ஒவ்வொன்றும், எந்த இடத்தில் எடுத்தது என்பதோடு, பட்டியலில் ஏற வேண்டும். சாட்சிகள் அதில் கையெழுத்திட வேண்டும். வீட்டுக்காரர் கையில் ஒரு நகல் தர வேண்டும். பெண்ணின் உடலைச் சோதிப்பதானால் பெண்தான், அதுவும் கண்ணியத்தோடு. நம் பக்கத்தில் மகஜர் என்று சொல்வது இதைத்தான். மகஜர் சாட்சி என்றாலே ஊரில் எல்லோரும் பின்வாங்குகிறார்கள், கோர்ட்டுக்கு அலைய வேண்டும் என்று பயப்படுகிறார்கள். நீதிமன்றம் தனியாக அழைப்பாணை அனுப்பினாலொழியச் சாட்சி அங்கே போக வேண்டியதில்லை என்று அதே பிரிவு சொல்கிறது. இதை மக்களிடம் சொல்லியிருந்தால் சாட்சி கிடைத்திருக்கும். சொல்லாததால் நிலையத்து வாசலில் டீக்கடை வைத்திருப்பவரும் ஆட்டோ ஓட்டுபவருமே எல்லா வழக்கிலும் சாட்சியாக வருகிறார்கள். எந்த வீட்டில் எது எடுத்தது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

புதிய சட்டத்தில் உண்மையிலேயே நல்லது என்று நான் கருதுவது 105ஆம் பிரிவு. சோதனை முழுவதையும், பட்டியல் போட்டுக் கையெழுத்து வாங்குவது உட்பட, ஒலி, ஒளியோடு பதிவு செய்ய வேண்டும். கைப்பேசியிலேயே எடுக்கலாம். தாமதமில்லாமல் நடுவருக்கு அனுப்ப வேண்டும். எதிர்வீட்டுப் பையன் செய்யப் போனது அன்று நீங்கள் செய்திருக்க வேண்டிய வேலை.

உங்கள் சிரமம் எனக்குத் தெரியாததல்ல. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பள்ளி மாணவனை, உடன் படித்தவர்கள் இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அந்தச் செய்தியைப் படித்த அன்று நான் சாப்பிடவில்லை. வெட்டியவர்களும் பிள்ளைகள். எழுத்தறிவித்த எங்களுக்கும் அதில் பங்கில்லை என்று எப்படிச் சொல்வது? பழிக்குப் பழி என்று நீளும் கொலைகளைத் தடுக்க நீங்கள் இரவெல்லாம் ரோந்து சுற்றுவதைப் பார்த்திருக்கிறேன். அரிவாள் ஒளித்து வைத்த வீட்டை நீங்கள் சோதிக்கத்தான் வேண்டும். கேட்பது இவ்வளவுதான்: அந்த வீட்டுக்குப் போகும்போது எழுதிவிட்டுப் போங்கள். நாங்குநேரியில் அந்தப் பிள்ளைகளுக்குத் தங்கள் வீட்டுக் கதவு காவலாக இருக்கவில்லை. கதவைக் காவலாக வைத்திருப்பதுதான் உங்கள் வேலை என்று நான் நினைக்கிறேன்.

அரிவாளைப் பற்றியும் ஒரு சொல். இந்தச் சீமையில் அரிவாள் இல்லாத வீடு ஏது? நெல்லறுக்கப் பன்னரிவாள், வாழைத்தார் வெட்ட ஓர் அரிவாள், பனையேறிக்குப் பாளை அரிவாள், விறகுக்கு வெட்டரிவாள். கொல்லுப் பட்டறையில் ஒவ்வொன்றுக்கும் வளைவு வேறு, எடை வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டமே வீட்டுக்கும் விவசாயத்துக்கும் மட்டுமென்று செய்த கருவிகளை ஆயுதம் என்ற சொல்லிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. பதநீருக்காகப் பாளையை மெல்லிய சீவலாகச் சீவும் அந்த அரிவாளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான்கு வருடமாகப் பரணில் இருந்ததை அவள் மாதம் ஒருமுறை எடுத்து எண்ணெய் தடவி வைப்பாள். அதைத்தான் ஒன்பது நாள் கொண்டுபோய் வைத்திருந்தீர்கள்.

இரவில் வீடு தேடி வந்து ஆள் இருக்கிறானா என்று பார்க்கும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. ரேகைச் சட்டம் என்று என் தாத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். குற்றப் பரம்பரைச் சட்டத்துக்கு நம் பக்கத்துப் பெயர் அது. பிறந்த சாதியைக் காரணம் காட்டி ஆண்களின் கைரேகையை வாங்கி, இரவில் ஆள் கணக்கெடுத்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947இல் அந்தச் சட்டம் போயிற்று. காவல் நிலையத்தில் கண்காணிக்க வேண்டியவர்களின் பெயரை எழுதி வைக்கும் கேடி லிஸ்ட் போகவில்லை.

உத்தரப் பிரதேசத்தில் கரக் சிங் என்பவரை 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடித்தார்கள். சாட்சியமில்லை என்று விட்டுவிட்டார்கள். விட்ட பிறகும் அவரைக் கண்காணிக்க அவர் பெயரில் சரித்திரப் பதிவேடு திறந்து, இரவில் வந்து கதவைத் தட்டி எழுப்பினார்கள். அவர் உச்ச நீதிமன்றம் போனார். 1962 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். மற்றக் கண்காணிப்பு விதிகளைப் பெரும்பான்மையோர் விட்டுவைத்தார்கள். இரவில் வீட்டுக்கு வரும் விதியை மட்டும் எல்லோரும் சேர்ந்து அடித்துவிட்டார்கள். துறை தனக்குத் தானே எழுதிக்கொண்ட விதி சட்டம் ஆகாது, சட்டமில்லாமல் ஒருவருடைய வீட்டு உறக்கத்தைக் குலைப்பது அரசமைப்பின் 21ஆம் உறுப்பு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் கைவைப்பது என்பது அவர்கள் சொன்னதன் சாரம். ரவுடிப் பட்டியலில் பெயர் இருக்கிறது என்று இரவில் கதவைத் தட்டும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய தீர்ப்பு அது.

அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொல்லிவிட்டார்கள். வழக்குப் போட்டவர் புட்டசாமி, கர்நாடகத்தின் ஓய்வு பெற்ற நீதிபதி. அதனால் இன்று உங்கள் பூட்ஸ் தாண்டும் வாசற்படி வெறும் நடைமுறைச் சட்டத்தின் கோடு அல்ல, அரசமைப்பின் கோடு.

இது இன்னும் முன்னதாகவே, எழுத்திலேயே வந்திருக்க வேண்டியது. 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் காஜி சையத் கரீமுதீன் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். மக்கள் தங்கள் உடலிலும் வீட்டிலும் காகிதங்களிலும் உடைமைகளிலும் நியாயமற்ற சோதனையிலிருந்து பாதுகாப்புப் பெறும் உரிமை என்பது அதன் பொருள். அம்பேத்கர் ஏற்கத் தயார் என்றார். இது நடைமுறைச் சட்டத்தில் ஏற்கெனவே இருப்பதுதான், ஆனாலும் பின்னால் வரும் சட்டமன்றங்கள் தொட முடியாத இடத்தில் வைப்பது நல்லது என்று காரணமும் சொன்னார். அவை அதை ஏற்கவில்லை, வாக்கெடுப்பில் விழுந்துவிட்டது. அந்த ஒரு வரி இன்று நம் அரசமைப்பில் இருந்திருந்தால் அதைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைத்திருப்பேன்.

இன்னொரு தீர்ப்பு எனக்கு வருத்தம் தருவது. சோதனை முறைகேடாக நடந்தது என்ற காரணத்துக்காக மட்டும் அதில் கிடைத்த பொருளைச் சாட்சியமாக ஏற்க மறுக்க வேண்டியதில்லை என்று 1973 டிசம்பரில் பூரன்மல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. எழுதாமல் போனாலும் வழக்கு நிற்கும் என்ற தைரியம் உங்களுக்கு அங்கிருந்துதான் வருகிறது என்று நினைக்கிறேன். வழக்கு நிற்கலாம். எழுதாமல் போனது குற்றம் இல்லை என்று அந்தத் தீர்ப்பு எங்கும் சொல்லவில்லை. புலன்விசாரணை எப்படி நடக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை, பிறருக்குக் கேடு வரும்படி, தெரிந்தே மீறும் அரசு ஊழியருக்கு ஆறு மாதத்துக்குக் குறையாத, இரண்டாண்டு வரை நீளக்கூடிய கடுங்காவலை, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்துக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199ஆம் பிரிவு வைத்திருக்கிறது. என் மாணவன் ஒருவன் அந்தப் பிரிவின் கீழ் நிற்பதைப் பார்க்க எனக்கு ஆசையில்லை.

எந்தத் தெருவில் ஜீப் நிற்கிறது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. முப்பத்து நான்கு ஆண்டில் ஏழு ஊர்களில் வேலை பார்த்திருக்கிறேன். மாடி வீட்டுக்காரர் மகன்மீது புகார் வந்தால் காலையில் ஏட்டையா வந்து திண்ணையில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு, ‘தம்பியை ஒரு எட்டு நிலையத்துக்கு வரச் சொல்லுங்கள்’ என்பார். அதே புகார் காலனியிலோ கீழத்தெருவிலோ என்றால் நள்ளிரவில் தகரக் கதவு அதிரும். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த இரண்டு பிள்ளைகள் வளர்ந்து இந்த இரண்டு வீடுகளில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் அரசமைப்பின் 14ஆம் உறுப்பைக் கரும்பலகையில் எழுதிப்போட்டவள் நான்.

1995 ஆகஸ்ட் 31 அன்று இன்றைய தூத்துக்குடி மாவட்டத்தின் கொடியங்குளத்தில் தேடுதல் என்ற பெயரில் நூற்றுக்கணக்கான காவலர்கள் நுழைந்த பிறகு அந்த ஊர் வீடுகள் எப்படிக் கிடந்தன என்பதை அன்றைய பத்திரிகைகள் எழுதின. பிள்ளைகளின் சான்றிதழ்கூட மிஞ்சவில்லை என்று படித்தபோது ஓர் ஆசிரியையாக என் வயிறு எரிந்தது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தார்கள். அந்த நிலையத்துக் கேமராப் பதிவு தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கப் போன நடுவர் தன் அறிக்கையில் எழுதினார். பதிவு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு நான் வேறு உதாரணம் தேட வேண்டியதில்லை. ஆனால் அதே நிலையத்தில் பணியிலிருந்த ஒரு பெண் தலைமைக் காவலர் அன்றிரவு கண்டதைச் சொல்லிக் கையெழுத்தும் போட்டார். உங்களில் ஒருவர் அவர். உங்கள் துறைமீது எனக்கு இன்னும் இருக்கும் நம்பிக்கைக்கு அவரும் ஒரு காரணம்.

பொற்கைப் பாண்டியன் கதையை நான்காம் வகுப்பில் வருடந்தோறும் சொல்வேன். நீங்கள் கேட்டிருப்பீர்கள். கீரந்தை வெளியூர் போகும்போது, அரசன் காவல் இருக்கிறது என்று மனைவிக்குத் தைரியம் சொல்லிப் போகிறான். அதைக் கேட்ட அரசன் இரவுதோறும் அந்தத் தெருவில் வலம் வருகிறான். ஒரு நாள் உள்ளே ஆண்குரல் கேட்கிறது. சந்தேகப்பட்டுக் கதவைத் தட்டிவிடுகிறான். திரும்பி வந்த கணவனின் குரல்தான் அது. அவளுக்குப் பழி வரக் கூடாதென்று தெருவிலிருந்த எல்லாக் கதவையும் தட்டிவிட்டு ஓடுகிறான். மறுநாள் ஊரார் சபைக்கு வந்து முறையிடுகிறார்கள். தட்டியவனுக்கு என்ன தண்டனை என்று கேட்கிறான். கையை வெட்ட வேண்டும் என்கிறார்கள். வாளை எடுத்துத் தன் கையை வெட்டிக்கொள்கிறான்.

ஒரு வருடம் ஒரு பையன் எழுந்து, “அவன் காவல் காக்கத்தானே போனான், டீச்சர்? பிறகு ஏன் வெட்டிக்கொண்டான்?” என்று கேட்டான். அன்று ஏதோ சொல்லி உட்கார வைத்தேன். இன்று கேட்டால் இப்படிச் சொல்வேன்: அவன் நல்ல எண்ணத்தோடுதான் தட்டினான். ஆனால் உள்ளே இருந்தவர்களுக்கு அது தெரியாது. இருட்டில் கதவு தட்டப்படும்போது தட்டுகிறவன் மனம் யாருக்கும் தெரிவதில்லை, சத்தம் மட்டுந்தான் கேட்கிறது.

அடுத்த வீட்டுப் பெண்ணின் மகள் பொதுத் தேர்வை எழுதி முடித்துவிட்டாள். முதல் இரண்டு தேர்வுக்கும் என் வீட்டில் வந்து படுத்துக்கொண்டாள். “ஆச்சி, வாசல் விளக்கை அணைக்காதீர்கள்” என்பாள். இன்றும் நான் அணைப்பதில்லை.

உங்களிடம் நான் பணம் கேட்கவில்லை, அந்த ஆறு பேரின் வேலையையும் கேட்கவில்லை. ஒவ்வொரு நிலையத்திலும் 185, 103, 105 ஆகிய மூன்று பிரிவுகளையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, புகார் கொடுக்க வருபவர் கண்ணில் படும் இடத்தில் தொங்கவிடுங்கள். சோதனைக்குப் போன வீட்டில், எந்த வழக்கு, எந்தப் பொருள், பொறுப்பு அதிகாரி யார் என்று எழுதிய தாளின் நகலை, நடுவரிடம் மனுப் போடும்வரை காக்க வைக்காமல் அன்றே கொடுத்துவிட்டு வாருங்கள். பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டுக்குப் பெண் காவலரில்லாமல் போகாதீர்கள். அந்தப் பெண் கையெழுத்திட்ட வெற்றுத்தாளை அவளிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது எங்கே இருக்கிறது, அதன் மேற்பாதியில் என்றைக்கு என்ன எழுதப்படும் என்ற பயத்தோடுதான் அவள் இன்றும் பீடி சுற்றுகிறாள்.

மகஜருக்குச் சாட்சி வேண்டுமானால் என்னைக் கூப்பிடுங்கள். எங்கள் ஊரில் எந்தத் தெருவானாலும் சரி, இரவு எத்தனை மணியானாலும் சரி, கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்துவிடுவேன். எழுதியிருப்பதை முழுவதும் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவேன்.

இப்படிக்கு,
தாமிரபரணிக் கரையிலிருந்து,
ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருத்தி